லட்டுவுக்கு 600, எனக்கு 75

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் திண்டில் ஒரே மாதிரி இரண்டு மாத்திரை பாட்டில்கள் இருக்கும். ஒன்று என்னுடையது. மற்றது லட்டுவுடையது. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து, தைராக்சின். காலையில் வாய் கொப்பளித்ததும் நான் போடுவது 75 மைக்ரோகிராம். லட்டுவுக்குத் தொடங்கியபோது காலையில் 600, சாயங்காலம் 600. லட்டு எங்கள் வீட்டு லேப்ரடார்.

லட்டுவின் மருந்துச் சீட்டை முதல்முறை மெடிக்கலில் நீட்டியபோது கடைக்காரத் தம்பி இரண்டு முறை படித்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவன்.

"டீச்சர், இதுல ஒரு சைபர் கூட விழுந்திருச்சு. அறுபதுன்னு எழுதியிருப்பாங்க."

"இல்லப்பா, அறுநூறுதான்."

"நூறு மாத்திரையில ஆறு? அதுவும் ரெண்டு வேளைக்கு? மனுசனுக்கே இவ்வளவு எழுத மாட்டாங்களே!"

சீட்டு எழுதிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பேசிவிட்டு மாத்திரையை எடுத்துத் தந்தான், முகத்தில் மட்டும் நம்பிக்கை வரவில்லை. அவன் சந்தேகப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். மருந்துக்கடைக்காரன் அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நானும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு எடை 58 கிலோ, லட்டுவுக்கு அப்போது 34. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஒரு நாளைக்கு என்னைப்போல 27 மடங்கு அவளுக்குப் போகிறது.

காரணம் கேட்டபோது டாக்டரம்மா சொன்னது எளிமையாக இருந்தது. மனித உடம்பில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நாய் உடம்பில் அரை நாள் கூட ஆகாது பல சமயம். போதாக்குறைக்கு, நாயின் குடல் அந்த மருந்தில் கொஞ்சத்தைத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். அதனால் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை, பெரும்பாலும் இரண்டு வேளை. நாய்க்கு எழுதியதை மனிதன் போட்டால் நெஞ்சு படபடத்துப் போகும். மனிதனுக்கு எழுதியதை நாய்க்குக் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்தான்.

எங்கள் ஊர் கூமாப்பட்டியை இப்போது உலகத்துக்கே தெரியும். 2025-இல் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸ் ஓடி, "ஏங்க" என்ற ஒரு சொல்லிலேயே பிளவக்கல் அணையைத் தேடிக் கார் காராக வந்தார்கள். நெல்லும் தென்னையும் மேற்கே மலையும் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நாய்க்கு ஹார்மோன் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தேவைப்படாத தகவல்.

லட்டு குண்டாக ஆரம்பித்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வயது ஆறு. "லேப்னாலே குண்டுதானே டீச்சர்" என்றார்கள். கருத்தடை ஆபரேஷன் செய்ததால் ஊதிவிட்டாள் என்றார்கள். அதுவும் நடப்பதுதான். ஆனால் அவள் சாப்பாடு கூடவே இல்லை. தட்டில் பாதியை மிச்சம் வைப்பவள் எப்படிக் குண்டாவாள் என்ற கேள்வி, எனக்கே தைராய்டு இருந்தும், எனக்குத் தோன்றவில்லை.

வால்தான் முதலில் உறுத்தியது. வாலை ஆட்டும்போது முடி இல்லாமல் கருத்த தோலோடு எலிவால் மாதிரி இருந்தது. பிறகு இரண்டு விலாப்பக்கமும் முடி மெலிந்தது. இடதுபக்கம் எப்படியோ வலதுபக்கமும் அச்சடித்தமாதிரி அப்படியே. ஊசி போட முன்னங்காலில் ரூபாய் அகலத்துக்குச் சிரைத்திருந்தார்கள், நாலு மாதமாகியும் அந்த இடத்தில் ஒரு முடி முளைக்கவில்லை. வேப்பெண்ணெய் தடவினோம். கந்தகத்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினோம். வீடே நாறியதுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் முதலில் சரியான கேள்வியைக் கேட்டார். "சொறியுதாம்மா?" நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒருநாளும் சொறிந்து பார்த்ததில்லை. "சொறின்னா சொறியணும்ல?" என்றார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். தடித்து, தொட்டால் குளிர்ந்து கிடந்தது. நெற்றியும் கன்னமும் தொங்கி, எப்போதும் அழுது முடித்த முகம். மார்பில் கைவைத்துத் துடிப்பை எண்ணிவிட்டு, மெதுவாக அடிக்கிறது என்றார். "குளிருக்கு ஒடுங்குதா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அது சித்திரை மாதம். ஆள் எல்லாம் தென்னை நிழலில் ஒதுங்கிக் கிடக்கிறோம். லட்டு மட்டும் கொல்லையில் வெந்நீர் அடுப்பின் சாம்பலை ஒட்டிப் படுத்துக் கிடந்தாள். நோய் வருவதற்கு முன் வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற நாய் அது. பத்து வருஷத்துக்கு முன் நானும் இதே மாதிரி மே மாதத்தில் போர்வை கேட்டிருக்கிறேன்.

தைராய்டு சுரப்பி கழுத்தில் மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. நமக்கு இரண்டு பக்கமும் நடுவில் இணைந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். நாய்க்குப் பெரும்பாலும் இரண்டும் தனித்தனி. உடம்பின் அடுப்பை எவ்வளவு எரிய விட வேண்டும் என்பது இதன் பொறுப்பு. முடி வளர்வது, இதயம் துடிப்பது, கொழுப்பு கரைவது, உடம்புச் சூடு எல்லாம் அந்தத் தீயின் கணக்கு. நாய்களில் தைராய்டு குறைந்துபோவதற்குக் காரணம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் அந்தச் சுரப்பியே கெட்டுப்போவதுதான். ஏறக்குறைய பாதி நாய்களில் உடம்பின் சொந்தக் காவல்படையே சுரப்பியைத் தாக்கி அழிக்கிறது. மீதியில் சுரப்பி சுருங்கி, இருந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. முக்கால்வாசி அழிந்த பிறகுதான் வெளியே தெரியும். எனவே நாம் கவனிக்கும்போது வியாதிக்கு வயதாகியிருக்கும்.

நடுவயது நாய்களுக்கு வருவது இது. கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன், பாக்ஸர், பீகிள், காக்கர் ஸ்பேனியல் வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்பில் அயோடின் போதவில்லை, சாப்பாட்டில் கல்லுப்புக்குப் பதில் பாக்கெட் உப்பைப் போடு என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அழிந்துபோன சுரப்பிக்கு அயோடினை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் டீச்சர் என்ற தைரியத்தில், டாக்டரிடம் லட்டுவின் ரத்தத்தை எடுத்து வாங்கி, எனக்குத் தைராய்டு பார்க்கிற லேபிலேயே கொடுத்தேன். தைராய்டை வேலை செய்யச் சொல்லும் டி.எஸ்.எச். ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. "டீச்சர், உங்க நாய்க்குத் தைராய்டு கூடுதல்" என்றான் லேப் பையன். கூடுதலா! அடுப்போரம் நகராமல் கிடக்கிற நாய்க்கா! விஷயம் என்னவென்றால், மனித டி.எஸ்.எச். பார்க்கும் சோதனைக்கு நாயின் டி.எஸ்.எச். அடையாளமே தெரியாது. நாய்க்கென்று இருக்கும் சோதனையில்தான் பார்க்க வேண்டும். லேப் பையன் மேல் தப்பில்லை, கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

கடைசியில் கார் பிடித்து, ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 2012-இல் தொடங்கிய கல்லூரி. அதற்கு முன்பென்றால் நாங்கள் நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோ போயிருக்க வேண்டும். அங்கே டாக்டரம்மா ரத்தத்தில் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார். டி-4 என்கிற ஹார்மோன், நாய்க்கான டி.எஸ்.எச்., அப்புறம் கொழுப்பு, சிவப்பணு இத்யாதி.

டி-4, டி.எஸ்.எச். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஏன் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பாஷையில் சொல்கிறேன். டி-4 என்பது டீச்சர் செய்கிற வேலை. டி.எஸ்.எச். என்பது ஹெட்மாஸ்டர் அனுப்புகிற மெமோ. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் ஹெட்மாஸ்டர். வேலை நடக்கவில்லை, மெமோ குவிகிறது என்றால் டீச்சரிடம் கோளாறு. வேலை குறைந்திருக்கிறது, ஆனால் ஒரு மெமோவும் வரவில்லை என்றால் வேறு ஏதோ சங்கதி. லட்டுவின் லேப் ரிப்போர்ட்டில் டி-4 குறைந்தது 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.4. டி.எஸ்.எச். 0.6-ஐத் தாண்டக் கூடாத இடத்தில் 1.9. கொழுப்பு 480. கொஞ்சம் ரத்தசோகை. ஆளைப் பார்த்தாலும் அதே கதை, ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் அதே கதை. டாக்டரம்மா சந்தேகமில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

எல்லா நாய்க்கும் இவ்வளவு சுத்தமாக விடை வராது. நோய் உறுதியாக உள்ள நாய்களிலேயே நூற்றுக்கு இருபது முதல் நாற்பது வரை டி.எஸ்.எச். கூடாமல் இருக்கும். மெமோ எழுதி எழுதி ஹெட்மாஸ்டரே ஓய்ந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது, புரதத்தில் ஒட்டாமல் தனித்துத் திரியும் டி-4-ஐ அளக்கும் இன்னொரு சோதனை கைகொடுக்கும்.

இனி வீரன் கதை. இதைச் சொல்லத்தான் லட்டுவை முன்னால் விட்டேன்.

வீரன் என் கொழுந்தனாருடைய ராஜபாளையம் நாய். மலையடிவாரத் தோப்பில் இரவு முழுக்கப் பன்றியை விரட்டுவது அவன் வேலை. பால் வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். 2005-இல் தபால்துறை நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது நாலில் ஒன்று இந்த ராஜபாளையம். கொழுந்தனார் அந்த ஸ்டாம்பைப் பர்ஸில் வைத்திருக்கிறார், மனைவி படம் இல்லை.

அந்த வீரன் ஒரு ஐப்பசியில் சுணங்கினான். பன்றி வந்தால் படுத்த இடத்திலிருந்தே குரைப்பான். முடி மங்கிவிட்டது. லட்டு கதையைக் கேட்டிருந்த கொழுந்தனார், நேரே ஒரு பெரிய ஊர் கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "மதினி, வீரனுக்கும் உங்க வியாதிதானாம்." டி-4 மட்டும் பார்த்திருக்கிறார்கள். 0.8. அவ்வளவுதான், தைராக்சின்.

இரண்டு மாதம் கொடுத்தார். வீரன் இளைத்தான். ராத்திரி தூங்காமல் சுற்றிச் சுற்றி வந்தான், மூச்சிரைத்தது. ஒருநாள் காலையில் தோப்பு மோட்டார் ரூம் வாசலில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து.

இந்தத் தடவை நானும் கூடப் போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு நாயிடம் போனார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. காது மடலை விரித்தார். உள்ளே கொத்தாக உண்ணி, துவரம்பருப்பைப் பதித்து வைத்தமாதிரி. கால்விரல் இடுக்கிலும் அதே. ரத்தத்தில் தட்டணுக்கள் பாதாளத்தில். உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்ற கிருமி, பழுப்பு நாய் உண்ணி கடித்து வருவது. நம் ஊர் சூட்டுக்கு வருஷம் முழுக்க இருக்கும்.

அப்படியானால் அந்த 0.8? டாக்டரம்மா மூன்று காரணம் சொன்னார். மூன்றுமே நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

உடம்பில் எந்தப் பெரிய நோய் இருந்தாலும் டி-4 இறங்கும். வீட்டில் ஆள் படுத்துவிட்டால் அடுப்பைத் தணித்து வைப்பதில்லையா, அதுபோல உடம்பு தானாகவே தீயைக் குறைத்துக்கொள்கிறது. சுரப்பி நன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சலைப் பார்க்காமல் தைராக்சின் கொடுப்பது, தணித்த அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது.

அடுத்தது மருந்து. வீரனுக்கு டி-4 பார்த்ததற்கு முந்தின வாரம் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தது, கொழுந்தனார் அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிடோன், சில சல்ஃபா மாத்திரைகள் எல்லாமே இந்த எண்ணைக் கீழே தள்ளும்.

மூன்றாவதுதான் எனக்குப் புதிது. கிரேஹவுண்ட், சலூக்கி, விப்பெட் மாதிரி கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்களுக்கு, நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே டி-4 மற்ற நாய்களைவிடக் குறைவு. சில கிரேஹவுண்டுகளில் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. லேப் ரிப்போர்ட்டில் 'இவ்வளவு இருக்க வேண்டும்' என்று அச்சடித்திருப்பது எல்லா நாய்க்கும் பொதுவாகப் போட்ட அளவு. நம்முடைய சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் அந்த ஓட்டக்கார உடல்வாகுதான். எனவே இவற்றுக்கு டி-4 மட்டும் கொஞ்சம் குறைவாக வந்தால் அதை வைத்து ஆயுசுக்கும் மாத்திரை எழுதக் கூடாது, டி.எஸ்.எச். பார், நாயைப் பார் என்றார். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் சிப்பிப்பாறை என்பது ஊர்ப்பெயர். இந்த விஷயம் முதலில் தெரிந்திருக்க வேண்டியது எங்கள் பக்கத்தில்தான்.

தைராக்சினை நிறுத்தி, டாக்ஸிசைக்ளின் நாலு வாரம். தோப்பில் மோட்டார் ரூம் சுவர் வெடிப்பையெல்லாம் பூசினோம், உண்ணி முட்டையிடுவது அங்கேதான். இரண்டாவது வாரமே வீரன் தட்டை நக்க ஆரம்பித்தான். மறுபடி தைராய்டு பார்க்கலாமா என்று கொழுந்தனார் கேட்டார். மாத்திரை சாப்பிட்ட நாய்க்கு அதை நிறுத்தி ஆறிலிருந்து எட்டு வாரமாவது போகாமல் பார்த்தால் உண்மை தெரியாது என்றார் டாக்டரம்மா. எட்டு வாரம் கழித்துப் போன் செய்தோம். "பன்னிய விரட்டுதா?" என்று கேட்டார். "வரப்பு தாண்டி விரட்டுதும்மா." "அப்ப எதுக்கு?" என்று வைத்துவிட்டார்.

லட்டுவுக்கு வருவோம். மருந்து கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன். நடந்தது பால்கோவா விவகாரம். ஆறு மாத்திரையை நாய் வாயில் போடுவது சுலபமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்த பால்கோவாவில் பொதிந்து கொடுத்தேன். கேட்டு வாங்கித் தின்றாள். ஆறு வாரம் கழித்து, மாத்திரை கொடுத்து நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். காலை 6 மணிக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பி 11 மணிக்கு எடுத்தோம். டி-4 வெறும் 1.3. கூடவேண்டிய நேரத்தில் கூடவில்லை. டாக்டரம்மா அளவைக் கூட்டவில்லை. "எதுல வச்சுக் குடுக்கறீங்க?" என்றார். சொன்னேன். சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

சாப்பாட்டோடு போனால் இந்த மருந்து குடலில் சரியாக ஏறாது. பாலில் இருக்கும் கால்சியம் இன்னும் தடுக்கும். எனக்கே என் டாக்டர் வெறும் வயிற்றில் போடு, உடனே காபி குடிக்காதே என்று சொன்னதுதான். நான் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நாய்க்குப் பால்கோவா ஊட்டியிருக்கிறேன்! அன்றிலிருந்து வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கமாகத் தள்ளி, கழுத்தைத் தடவி விழுங்க வைப்பது என்று ஆயிற்று. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சோறு. அடுத்த சோதனையில் எண் ஏறியது, ஏறியதோடு நிற்காமல் அவள் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கவும் தண்ணீராகக் குடிக்கவும் ஆரம்பித்தாள். அளவு மிஞ்சினால் அப்படித்தான். 600-ஐ 500 ஆக்கினார்.

சுறுசுறுப்பு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. வெந்நீர் அடுப்பை விட்டு எழுந்தவள், கேட் வரை வந்து பால்காரரைப் பார்த்துக் குரைத்தாள். முடிதான் சோதித்தது. முதல் மாதம் இருந்ததும் கொட்டியது. பழைய செத்த முடியைத் தள்ளிவிட்டுப் புதுமுடி வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லாமல் விட்டிருந்தால் நான் மாத்திரையை நிறுத்தியிருப்பேன். மூன்றாம் மாதம் முன்னங்காலில் அந்த ரூபாய் அகல இடத்தில் பூனைமுடி மாதிரி மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், முடிதான்.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு சுரப்பி ஓய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டைப் பிழிந்த சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் 1919 வரை இருந்தார், 28 வருஷத்தில் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குச் செலவாயிற்று. தைராக்சினை எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் அன்று தனியே பிரித்தெடுத்தார். நானும் லட்டுவும் ஆடு தேடாமல் பாட்டிலைத் திறக்கிறோம். அவள் பாட்டில் நூறு மாத்திரை, பத்து நாளில் காலி. விலை பெரிதில்லை, ஆனால் ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. நாலு நாள் கல்யாணத்துக்குப் போனால் கூட மாத்திரை கொடுக்க ஆள் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

இப்போது லட்டுவுக்கு 29 கிலோ. ஊரில் நாய்க்கு முடி கொட்டினால் எனக்கு வாட்ஸ்அப் வருகிறது. ரிப்போர்ட்டை மட்டும் படம் பிடித்து அனுப்பி, "டீச்சர், எத்தனை மாத்திரை?" என்கிறார்கள். நான் மாத்திரை சொல்வதில்லை. சொறிகிறதா, ஈறு என்ன நிறம், காதுக்குள் உண்ணி இருக்கிறதா, கடைசியாக என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்பேன். பதில் எதுவானாலும் நாயை வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.